இரும்பு ஆணி கண்ணாடியைக் கீறுமா கீறாதா? எனக்கு கோடு விழுதே!

மலைமேடு:
எல்லாருக்கும் வணக்கம். என் பொண்ணுக்கு கல்லு பொறுக்குற பழக்கம், ஷூ பெட்டி மூணு நிறைய சேத்து வச்சிருக்கா. எந்தக் கல்லு என்னன்னு கண்டுபிடிக்க கீறிப் பாக்குறதுதான் ஈஸியான டெஸ்ட்னு படிச்சேன், அதனால உடைஞ்ச போட்டோ ஃபிரேம்ல இருந்து ஒரு கண்ணாடித் துண்ட எடுத்து ஓரம் பூரா டேப் ஒட்டி, நேத்து சாயங்காலம் ரெண்டு பேரும் டேபிள்ல உக்காந்து ஒவ்வொண்ணா இழுத்துப் பாத்தோம். பால் மாதிரி வெள்ளையா இருக்குற கூழாங்கல்லு கர்ர்ருனு சத்தம் போட்டு நல்ல கோடு போட்டுச்சு. தெளிவா, சாய்சதுரமா உடையுற ஒரு கல்லு இருக்கு, அது வழுக்கிட்டுப் போயிடுச்சு, ஒண்ணுமே விழல. செம்புக் கம்பியும் அப்படித்தான்.

பிரச்சன இரும்பு ஆணில. சாம்பல் கலர்ல பளிச்சுன்னு கோடு விழுந்துச்சு. ஆனா நான் படிச்சதுல எது எவ்வளவு கடினம்னு ஒரு நம்பர் இருக்கு, ஆணிக்கு 4.5, கண்ணாடிக்கு 5.5ன்னு போட்டிருக்கு. கம்மி நம்பர் உள்ளது கூடுதல் நம்பர் உள்ளத எப்படிக் கீறும்? "அப்போ புக்கு தப்பாப்பா?"ன்னு கேக்குறா. எனக்குப் பதில் தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

படிகப்பூ:
முதல்ல ஒண்ணு பண்ணுங்க. ஆணி போட்ட கோட்டு மேல விரல ஈரம் பண்ணி அழுத்தித் தேய்ங்க. அப்புறம் நகத்தக் குறுக்கால இழுத்துப் பாருங்க, நகம் தட்டுதா வழுக்குதான்னு. பாத்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் பேசலாம். டெஸ்ட் பண்ணும்போது ரெண்டு பேரும் கண்ணுக்கு ஏதாச்சும் மாட்டிக்கோங்க, கண்ணாடிய கைல புடிச்சுக்கிட்டு இழுக்காதீங்க, டேபிள்ல தட்டையா இருக்கட்டும். போட்டோ ஃபிரேம் கண்ணாடி ரொம்ப மெல்லிசு, அழுத்தினா கைக்குள்ளயே உடைஞ்சிடும்.

ராத்திரிவாசகன்:
கோடு விழுந்தா கீறல்தானே அக்கா, இதுல தேய்ச்சுப் பாக்க என்ன இருக்கு

படிகப்பூ:
இருக்கு தம்பி. பென்சில் பேப்பர்ல கோடு போடுது, பேப்பர் கீறிடுச்சுன்னா சொல்றோம்? பென்சில் முனைதான் தேஞ்சு பேப்பர்ல ஒட்டிக்கிது. ஆணியும் அப்படித்தான். கண்ணாடிய விட மெதுவான, அதாவது கடினம் கம்மியான பொருள அழுத்தி இழுத்தா அந்தப் பொருள்தான் தேயும், தேஞ்ச தூள் கண்ணாடி மேல அப்பிக்கிட்டு கோடு மாதிரி தெரியும். அலுமினியம் இதுல ரொம்ப மோசம், கண்ணாடி மேல வெள்ளி கலர்ல அழகா கோடு போடும், பாத்தா சத்தியமா கீறல்னுதான் நினைப்போம்.

காலேஜ்ல முதல் வருஷப் பசங்களுக்கு நான் லேப் எடுக்கிறேன், வருஷா வருஷம் பாதிப் பேர் இந்த இடத்துலதான் தடுக்கி விழுறாங்க. எது எதக் கீறுச்சுன்னு தெரியணும்னா ரெண்டு பக்கமும் பாக்கணும், கண்ணாடியையும் பாக்கணும், இழுத்த முனையையும் பாக்கணும். முனை மழுங்கி ஒரு சின்ன தட்டை விழுந்திருந்தா தேஞ்சது அதுதான்.

மலைமேடு:
தேய்ச்சுப் பாத்தேன். பெரும்பாலும் போயிடுச்சு!! விரல்ல கருப்பா ஒட்டுது. ஆனா முழுசா போகல, நடுவுல ஒரு அரை இன்ச்சுக்கு நிஜமாவே கோடு இருக்கு, நகம் தட்டுது. இதுக்கு என்ன சொல்றீங்க? பால்வெள்ளக் கல்லு போட்ட கோடு எவ்வளவு தேய்ச்சாலும் அப்படியே இருக்கு.

படிகப்பூ:
அந்த அரை இன்ச்சப் பத்தி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு, அப்புறமா சொல்றேன். பூதக்கண்ணாடி இருந்தா ரெண்டு கோட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துட்டு என்ன தெரியுதுன்னு எழுதுங்க.

உங்க பால்வெள்ளக் கல்லு அனேகமா வெங்கச்சங்கல்லு, குவார்ட்ஸ். மோஸ் அளவுகோல்ல 7. கண்ணாடிய தாராளமா கீறும்.

அளவுகோல்:
மோஸ் பேர் வந்ததால சொல்றேன், அந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு முதல்லயே புரிஞ்சுக்கிட்டா பாதிக் குழப்பம் போயிடும். ஃபிரெட்ரிக் மோஸ் ஜெர்மனிக்காரர், 1773ல பிறந்தவர். வியன்னாவுல ஒரு பேங்கரோட கனிமச் சேமிப்ப வகைப்படுத்துற வேலை பாத்தவர், அப்புறம் ஆஸ்திரியாவுல கிராஸ் ஊர்ல இருக்குற யோஹானியம்ங்கிற கல்வி நிலையத்துல 1812ல பேராசிரியரா சேந்தார். அந்த வருஷம்தான் இந்த அளவுகோல். பத்துக் கனிமத்த எடுத்து, இது அதக் கீறும், அது இதக் கீறாதுன்னு வரிசையா அடுக்கினார். டால்க் 1, ஜிப்சம் 2, கால்சைட் 3, ஃப்ளோரைட் 4, அபடைட் 5, ஃபெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7, டோபாஸ் 8, குருந்தம் 9, வைரம் 10. அவ்வளவுதான்.

இது ஓட்டப்பந்தயத்துல யாரு முதல் யாரு ரெண்டாவதுன்னு சொல்ற மாதிரி, எத்தன செகண்ட் வித்தியாசம்னு சொல்லாது. வைர முனைய ஒரு குறிப்பிட்ட எடையில அழுத்தி விழுற பள்ளத்த அளக்குற நூப் முறை 1939ல வந்துச்சு. அதுல பாத்தா ஜிப்சம் 32, கால்சைட் 135, ஃப்ளோரைட் 163, அபடைட் 430, ஃபெல்ட்ஸ்பார் 560, குவார்ட்ஸ் 820, டோபாஸ் 1340, குருந்தம் 2000 பக்கம், வைரம் 7000ம் அதுக்கு மேலயும். கால்சைட்டுக்கும் ஃப்ளோரைட்டுக்கும் நடுவுல கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, 9க்கும் 10க்கும் நடுவுல மூணு மடங்குக்கு மேல. நம்பர்ல ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான் வித்தியாசம்.

சாதாரண ஜன்னல் கண்ணாடி இதுல 500 சுமாருக்கு வரும். அபடைட்டுக்கும் ஃபெல்ட்ஸ்பாருக்கும் நடுவுல, அதனாலதான் 5.5. இன்னொண்ணு, ஒரு பொருள் இன்னொண்ண சுத்தமா கீறணும்னா சுமாரா 1.2 மடங்காவது கடினமா இருக்கணும். ஃபெல்ட்ஸ்பார் 560, கண்ணாடி 500, கணக்குப் போட்டுப் பாருங்க, 1.2 வரல. நிஜத்துலயும் ஃபெல்ட்ஸ்பார் கண்ணாடி மேல மல்லுக்கட்டித்தான் கோடு போடும், கூரான மூலையாப் பாத்து இழுக்கணும். குவார்ட்ஸ் 1.6 மடங்கு, வெண்ணெய்ல கத்தி போற மாதிரி போகும்.

வழிப்போக்கன்:
குருந்தம்னு தமிழ்ல எழுதுறீங்களே, கொரண்டம்னுதானே இங்கிலீஷ்ல

அளவுகோல்:
அந்த இங்கிலீஷ் வார்த்தையே நம்ம குருந்தத்துல இருந்து போனதுதாங்க. எழுதும்போதெல்லாம் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அதான் விடாம குருந்தம்னே எழுதுறேன். மாணிக்கமும் நீலமும் ரெண்டுமே குருந்தம்தான், அலுமினியம் ஆக்சைடு. துளி குரோமியம் கலந்தா சிவப்பு, இரும்பும் டைட்டானியமும் கலந்தா நீலம்.

கேள்வி_நாயகி:
எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட். கண்ணாடியே மணல்ல இருந்துதான் செய்றாங்க, மணல்னா குவார்ட்ஸ். அப்போ குவார்ட்ஸ் 7, அத உருக்கினா வர்ற கண்ணாடி மட்டும் ஏன் 5.5?

படிகப்பூ:
அருமையான கேள்வி இது. குவார்ட்ஸ்ல சிலிக்கானும் ஆக்சிஜனும் கைகோத்துக்கிட்டு நாலு பக்கமும் விடாம ஒரே வலையா, வரிசையா நிக்கும். அத அப்படியே உருக்கணும்னா 1700 டிகிரி பக்கம் சூடு வேணும், அதனால சோடா சேத்து உருகுற சூட்டக் குறைக்கிறாங்க. சோடாவுல இருக்குற சோடியம் உள்ள புகுந்து அந்தக் கைகள அங்கங்க விலக்கிவிட்டுடும், வலை தளர்ந்துடும். சோடா மட்டும் போட்டா தண்ணியில கரையுற கண்ணாடி வரும், அதுக்காக சுண்ணாம்பும் சேப்பாங்க. கடைசியில ஜன்னல் கண்ணாடில சிலிக்கா எழுபது சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. தளர்ந்த வலைங்கிறதால மெதுவாயிடுச்சு. ஒண்ணும் கலக்காம சுத்த சிலிக்காவுல செஞ்ச கண்ணாடி ஜன்னல் கண்ணாடிய விட கடினமா இருக்கும், ஆனா அணுக்கள் வரிசையா நிக்காததால குவார்ட்ஸ் படிகத்துக்கு ஒரு படி கீழதான்.

திரைகீறல்:
என் வயித்தெரிச்சலக் கொட்டிடுறேன். போன் வாங்குறப்போ கடைல ஒருத்தர் கத்திய எடுத்து ஸ்கிரீன் மேல சர்ருசர்ருனு இழுத்துக் காட்டினாரு, ஒரு கோடு இல்ல. சாவிய வச்சுத் தேய்ச்சாரு, ஒண்ணும் ஆகல. இது கீறவே கீறாதுன்னாரு. நானும் நம்பி கவர் போடாம பாக்கெட்ல வச்சுக்கிட்டேன், மூணாவது வாரம் பாத்தா ஸ்கிரீன் பூரா முடி முடியா கோடு. கத்திக்கே அசையாதது பாக்கெட்ல இருந்த எதுக்கு அசைஞ்சுச்சு? பாக்கெட்ல துணியத் தவிர எதுவும் இல்ல, சத்தியமா.

அளவுகோல்:
பாக்கெட்டத் திருப்பி உதறிப் பாருங்க, மூலைத் தையல்ல சாம்பலா நறநறன்னு தூசி இருக்கும். அதுல இருக்குறது மணல் துணுக்கு, குவார்ட்ஸ், 7. கத்தி 5.5 சுமார். சாவி பித்தளையா இருந்தா 3, 4 பக்கம்தான். அந்தக் கடைக்காரர் கண்ணாடிய விட மெதுவானத எல்லாம் தேடி எடுத்துக் காட்டியிருக்காரு, கண்ணுக்குக் கூட தெரியாத மணல் துகள் ஒண்ண விரல்ல தொட்டுத் தேய்ச்சுக் காட்டச் சொல்லியிருக்கணும் நீங்க.

போன் கண்ணாடிய உருகின பொட்டாசியம் உப்புல 400 டிகிரி பக்கம் ஊறப்போடுவாங்க. மேற்பரப்புல இருக்குற சோடியம் வெளிய போயி அந்தச் சின்ன இடத்துல அத விடப் பெரிய பொட்டாசியம் வந்து முட்டிக்கிட்டு உக்காரும், கூட்டமான பஸ்ல ஒல்லியானவர் எறங்குன சீட்டுல குண்டானவர் உக்காந்த மாதிரி. மேல்தோல் பூரா இறுக்கமா அமுங்கி இருக்கும், அதனால விழுந்தா உடையுறது கம்மி. கீறல் விழாமலே இருக்கும்னு அர்த்தம் இல்ல. மோஸ் 6ல லேசா விழ ஆரம்பிக்கும், 7ல ஆழமா விழும்.

இதனால வீட்ல எல்லாரும் மாத்திக்க வேண்டிய பழக்கம் ஒண்ணு இருக்கு. மூக்குக் கண்ணாடியோ போனோ கேமரா லென்ஸோ, காஞ்ச துணியால நேரா தேய்க்காதீங்க. முதல்ல ஊதுங்க, முடிஞ்சா தண்ணில காட்டுங்க, மணல் போனப்புறம் துடைங்க. மூக்குக் கண்ணாடி இப்போ பெரும்பாலும் பிளாஸ்டிக், அது கண்ணாடிய விடவும் மெதுவு. சட்ட நுனில தேய்க்கிறவங்களப் பாத்தா எனக்கு நெஞ்சே பதறும்.

மோதிரவிரல்:
கீறல்னு சொன்னதும் எனக்கு எங்க பெரியம்மா ஞாபகம் வருது. அவங்ககிட்ட ஒருத்தர் வைரம்னு சொல்லி ஒரு மோதிரம் வித்தாரு. நம்பிக்கைக்கு என்ன பண்ணாருன்னா அங்கேயே ஒரு கண்ணாடித் துண்ட எடுத்து மோதிரக் கல்லால ஒரு இழுப்பு, கோடு விழுந்துச்சு, பாத்தீங்களா வைரம் மட்டும்தான் கண்ணாடிய அறுக்கும்னாரு. சேத்து வச்ச பணம் அத்தனையும் அதுக்குப் போச்சு. பல வருஷம் கழிச்சு ஒரு அவசரத்துக்கு விக்கப் போனப்போதான் அது ஜிர்கோனியா, வைரம் மாதிரி செய்யுற செயற்கைக் கல்லுன்னு தெரிஞ்சுது. பெரியம்மா அழல, மோதிரத்த மட்டும் மறுபடி போடவே இல்ல. இன்னிக்கும் யாராச்சும் கண்ணாடில கீறிக் காட்டி வைரம்னா எனக்கு ஆத்திரமா வருது.

படிகப்பூ:
உங்க ஆத்திரம் ரொம்ப நியாயமானது. கண்ணாடிய கீறுச்சுன்னா அந்தக் கல்லு 5.5க்கு மேலன்னு மட்டும்தான் தெரியும். க்யூபிக் ஜிர்கோனியா 8லருந்து 8.5, கண்ணாடிய சுலபமா கீறும். நிறமில்லாத நீலக்கல்லு 9, வைரம் மாதிரியே தெரியுற மாய்ஸனைட்ங்கிற கல்லு 9.25. டோபாஸ், மரகதம், கோமேதகம் எல்லாம் கீறும். பத்து காசு பெறாத வெங்கச்சங்கல்லும் கீறும். கீறலைன்னா வைரம் இல்லன்னு சொல்லலாம், கீறுனா வைரம்னு சொல்லவே முடியாது.

தெரிஞ்சுக்க வேற வழி இருக்கு. வைரம் சூட்ட வேகமா கடத்தும், அத வச்சு முனையால தொட்டுப் பாக்குற கருவி இருக்கு, ஆனா மாய்ஸனைட்டும் நல்லா சூடு கடத்தும்ங்கிறதால அதுல ஏமாந்துடும். மாய்ஸனைட்ட லென்ஸ்ல சாய்வாப் பாத்தா பின்பக்க பட்டையோட விளிம்பு ரெண்டு ரெண்டா தெரியும், வைரத்துல ஒண்ணுதான். ஜிர்கோனியா கனம் காட்டிக் கொடுத்துடும், அதே சைஸ் வைரத்த விட ஒண்ணரை மடங்குக்கு மேல எடை இருக்கும். இதுல எதுலயுமே கல்லு மேல ஒரு கோடு கூட போட வேண்டியதில்ல. வெட்டிப் பட்டை தீட்டுன கல்ல தயவுசெஞ்சு கீறல் டெஸ்ட் பண்ணாதீங்க, ஜெயிச்சாலும் விளிம்பு செதில் செதிலா பேந்துடும். முத்து, பவளம் எல்லாம் 3, 4 பக்கம், தொடவே தொடாதீங்க.

ராத்திரிவாசகன்:
வைரம் எதுக்குக்கா பேந்துடும், உலகத்துலயே கெட்டி அது. சுத்தியால அடிச்சாலும் சுத்திதான் உடையும்னு எங்க வாத்தியாரே சொல்லிருக்காரு

அளவுகோல்:
ஐயோ, அத மட்டும் யாரும் செஞ்சு பாத்துடாதீங்க. கீறல் விழாம இருக்குறது வேற குணம், அடி தாங்குறது வேற குணம். வைரத்துக்கு நாலு திசைல பிளவுத் தளம் இருக்கு, விறகுல நார் ஓடுற வாக்கு மாதிரி, அந்த வாக்குல அடி விழுந்தா சுத்தமா ரெண்டாப் பிளக்கும். 1905ல தென்னாப்பிரிக்கால கிடைச்ச கல்லினன் வைரம் 3106 கேரட், இதுவரை கிடைச்ச ரத்தினத் தர வைரத்துலயே பெருசு, அதையே 1908ல ஆம்ஸ்டர்டாம்ல ஜோசப் ஆஷர்ங்கிறவர் ஒரு பள்ளம் போட்டு கத்தி வச்சுத் தட்டித்தான் பிளந்தார். அடி தாங்குறதுல ஜேடு கல்லு வைரத்த விட எவ்வளவோ மேல, கீறல் கணக்குல அது 6, 7 பக்கம்தான். உள்ள நார் நாரா பின்னிக்கிட்டு இருக்குறதால விரிசல் ஓட வழி கிடைக்காது.

கட்டர்கை:
நான் கண்ணாடி வெட்டுறவன், 22 வருஷமா இதுதான் தொழில், மோஸ் எல்லாம் இன்னிக்குத்தான் படிச்சேன், ஆனா நீங்க பேசுறதுல பாதி என் கைக்குத் தெரியும். ஒரு விஷயம் யாரும் சொல்லல. நாங்க கண்ணாடிய அறுக்குறதில்ல. கட்டர் வீலு இப்போ எல்லாம் டங்ஸ்டன் கார்பைட், மண்ணெண்ணெய் தொட்டுக்கிட்டு ஸ்கேல் ஓரமா ஒரே இழுப்பு, முடிச் சைஸுக்கு ஒரு கோடு விழும், அந்தக் கோட்டுக்கு அடியில விரிசல் ஒண்ணு நிக்கும், கண்ணாடிய டேபிள் விளிம்புக்குக் கொண்டுவந்து ரெண்டு கையாலயும் லேசா கீழ அமுத்தினா டக்குன்னு அந்த விரிசல் ஓடிப் பிரிஞ்சிடும். 5 எம்எம் கண்ணாடில கோடு ஒரு எம்எம் கூட ஆழம் இருக்காது.

சத்தத்த வச்சே எனக்குத் தெரிஞ்சிடும். நல்ல கோடுன்னா பட்டு கிழியுற மாதிரி சீரா ஸ்ஸ்ஸ்னு வரும், கோடு கண்ணுக்கு மெல்லிசா மினுங்கும். வெள்ளையா பவுடர் பறந்தா அழுத்தம் ஜாஸ்தி, அந்தக் கோடு கோணலாத்தான் உடையும். புதுப் பசங்க கோடு சரியா விழலன்னு அதே கோட்டுல திரும்ப இழுப்பாங்க, நான் கையப் புடிச்சிடுவேன், வீலும் போயிடும் கண்ணாடியும் போயிடும். கோடு போட்டா உடனே உடைக்கணும், டீ குடிச்சிட்டு வந்து உடைக்கலாம்னு விட்டா கோடு ஆறிப்போச்சும்போம், அப்புறம் அது சொன்ன பேச்சு கேக்காது.

டஃபன் கண்ணாடிய, அதாவது அடி தாங்குறதுக்குன்னு கெட்டிப்படுத்துன கண்ணாடிய மட்டும் யாரும் வெட்ட முடியாது, வைரமே கொண்டு வந்தாலும். அளவு தப்பா கொடுத்துட்டு ஓரத்துல கால் இன்ச் மட்டும் எடுத்துக் கொடுங்கன்னு வருவாங்க. தொட்டா மொத்தமும் பொரி பொரியா கொட்டிடும்.

அளவுகோல்:
கட்டர்கை அண்ணே, கும்பிடுறேன். நீங்க கைல செய்றதத்தான் கிரிஃபித்னு ஒரு இங்கிலீஷ் இன்ஜினியர் 1921ல கணக்காப் போட்டார். கண்ணாடி இழைய வச்சுச் சோதிச்சு, மேல இருக்குற சின்ன விரிசலோட முனைலதான் மொத்த விசையும் குவியுதுன்னு காட்டினார். ஈரமும் விரிசல் முனைல போயி அந்தச் சிலிக்கான் ஆக்சிஜன் பிடிப்ப அறுக்கும், காஞ்ச கண்ணாடிய விட நனைஞ்ச கண்ணாடி சுலபமா விரியுறது அதனாலதான். டஃபன்ல மேல் ரெண்டு பக்கமும் அமுங்கி, நடுப்பகுதி இழுத்துப் புடிச்சுக்கிட்டு நிக்கும், விரிசல் நடு வரைக்கும் எறங்கிட்டா அந்த இழுவை மொத்தமும் ஒரே நேரத்துல விட்டுடும்.

கேள்வி_நாயகி:
இன்னொரு சின்ன டவுட், அரம் கண்ணாடிய கீறுமா? ஆணியும் அரமும் ரெண்டும் இரும்புதானே

அளவுகோல்:
கீறும். அரம் நல்லா சூடு பண்ணி சட்டுனு குளிர வச்சுக் கடினமாக்குன எஃகு, மோஸ்ல 6.5 பக்கம். ஆணி வளைஞ்சு கொடுக்கணும்னு செஞ்ச மெதுவான இரும்பு. அடிச்சா ஆணி வளையும், அரம் படக்குனு ஒடியும். அதனால "இரும்பு எவ்வளவு"ன்னு கேட்டா பதிலே கிடையாது, எந்த இரும்புன்னு கேக்கணும். ஒரே கல்லுக்கே ரெண்டு பதில் இருக்குறதும் உண்டு, கயனைட்னு நீலக்கல்லு ஒண்ணு, நீளவாக்குல கீறினா 5க்குள்ள, குறுக்கால கீறினா 6.5, 7. ஒரு பக்கம் கத்தி ஏறும், இன்னொரு பக்கம் ஏறாது.

மலைமேடு:
பூதக்கண்ணாடில பாத்துட்டோம். வெங்கச்சங்கல்லு போட்ட கோடு வாய்க்கா வெட்டுன மாதிரி இருக்கு, ரெண்டு கரையிலயும் சிப்பி சிப்பியா பேந்து வெள்ளையா தெரியுது. ஆணி போட்டது கரி அப்பின மாதிரி இருந்துச்சு, துடைச்ச எடத்துல கீழ கண்ணாடி வழவழன்னு புதுசா இருக்கு. ஆனா அந்த அரை இன்ச்சு மட்டும் நிஜ வாய்க்கா. ஆணியோட வேலைன்னா முழுக்க விழுந்திருக்கணும்ல?

படிகப்பூ:
இதத்தான் அப்புறமா சொல்றேன்னேன். வெங்கச்சங்கல்ல முதல்ல இழுத்தீங்களா, ஆணிய அப்புறமா?

மலைமேடு:
ஆமா, கல்லுதான் முதல்ல.

படிகப்பூ:
நடுவுல கண்ணாடியத் துடைச்சீங்களா?

மலைமேடு:
இல்ல... கையால தட்டிவிட்டோம் அவ்வளவுதான்.

படிகப்பூ:
அப்போ கல்லுல இருந்து கொட்டுன துணுக்கு கண்ணாடி மேலயே கிடந்திருக்கும். ஆணி போற வழில ஒண்ணு அதுக்கு அடியில மாட்டி, அரை இன்ச்சு இழுபட்டு அப்புறம் நழுவியிருக்கும். கண்ணாடியையும் ஆணியையும் சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சிட்டு, கீறாத எடமாப் பாத்து மறுபடி இழுங்க. அப்படியே அந்த சாய்சதுரக் கல்ல ஏதாச்சும் எழுத்து மேல வச்சுப் பாருங்க, எழுத்து ரெண்டு ரெண்டா தெரிஞ்சா கால்சைட். அது 3தான், கண்ணாடிய கீறாதது சரிதான்.

மலைமேடு:
கழுவிட்டு நாலு தடவ இழுத்தோம், நாலும் துடைச்சா போயிடுது, நகத்துக்கு ஒண்ணுமே தட்டல. அப்புறம் பொண்ணு வேணும்னே ஒரு சிட்டிகை மணலத் தூவி, அது மேல ஆணிய இழுத்தா, கர்ருனு கோடு. சாய்சதுரக் கல்ல அவ நோட்டு மேல வச்சோம், அவ பேரு ரெண்டு தடவ தெரியுது. கல்லத் திருப்பத் திருப்ப ஒரு பேரு நிக்குது, இன்னொரு பேரு அதச் சுத்தி வருது, அரை மணி நேரமா அதத்தான் சுத்திக்கிட்டு இருக்கா. நோட்டுல "ஆணி: கீறாது. மணல்: கீறும். முதல்ல கழுவணும்"னு எழுதியிருக்கா. இப்போ மூணு ஷூ பெட்டியையும் கவுத்துப் போட்டாச்சு, எல்லாத்தையும் கழுவணுமாம், பக்கெட் எடுக்கப் போயிருக்கா.